டாக்டர் பட்டமும் டூட்டி நேரமும்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பிசியோதெரபி படித்த பிள்ளைகளை இன்று தெருவுக்கு ஒருவராவது காண முடிகிறது. தமிழில் இதை இயன்முறை மருத்துவம் என்கிறார்கள். தோல் பட்டறையிலும் ரயில்வே யார்டிலும் கட்டட வேலையிலும் முதுகு ஒடிய உழைத்தவர்களின் மக்கள், அதே முதுகை நிமிர்த்தும் தொழிலைக் கற்று மருத்துவமனைகளில் வேலை பார்க்கிறார்கள். நம் சமூகம் தன் வியர்வையால் ஏறிய படிகளில் இதுவும் ஒன்று.

அந்தப் பிள்ளைகளின் கைபேசிகளுக்கு இப்போது ஒரு விளம்பரம் ஓயாமல் வருகிறது. வேலையை விட வேண்டாம், வீட்டை விட்டு நகர வேண்டாம், இணையவழியிலேயே டாக்டர் பட்டம் வாங்கலாம் என்கிறது அது. கட்டணம் லட்சக்கணக்கில். பெற்றோர்கள் அச்சடித்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கத்துக்கு வருகிறார்கள். “தம்பி, இது நிசந்தானா? நகையை வச்சுப் பணங் கட்டலாமா?” என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு ‘கட்டாதீர்கள்’ என்ற ஒரு சொல்லோடு பதிலை முடித்துவிட நாங்கள் விரும்பவில்லை. வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்க வேண்டும் என்ற அந்தப் பிள்ளைகளின் ஆசை நியாயமானது. அந்த நியாயமான ஆசையைச் சட்டம் ஒரு பக்கம் பூட்டி வைத்திருக்கிறது. வியாபாரி மறுபக்கம் கடை விரித்திருக்கிறான். நடுவே ஒரு வாசல் இருக்கிறது. அதன் சாவி முதலாளியின் கையில் இருக்கிறது. நாம் கேட்க வேண்டியது அந்தச் சாவியை. அதாவது, படிப்பதற்கான நேரத்தை.

நமக்கு ஏன் இந்த விவகாரம்?

‘பத்தாவதோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்குப் போனவர்கள் முனைவர் பட்டத்தைப் பற்றிப் பேசலாமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். பேசத்தான் வேண்டும். ஏனென்றால் ஆய்வு என்பது படித்தவர்களின் அலங்காரம் மட்டும் அன்று. எந்த நோயைப் பற்றி, யாருடைய உடம்பைப் பற்றி ஆய்வு நடக்கிறதோ, அந்த உடம்புக்குத்தான் நாளைக்கு நல்ல சிகிச்சை கிடைக்கும்.

இந்தத் தொழில் நம் நாட்டில் வேரூன்றிய இடமே நாம் வாழும் மும்பைதான். 1950களின் தொடக்கத்தில் பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில், அரசும் மாநகராட்சியும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து பிசியோதெரபிக்கான பள்ளியைத் தொடங்கின. அன்று போலியோவால் கால் சூம்பிய குழந்தைகளை நடக்க வைப்பது அந்தத் தொழிலின் பெரும் பணியாக இருந்தது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ நோய் காணப்படவில்லை. 2014இல் போலியோ ஒழிந்த நாடு என்ற சான்றும் கிடைத்தது. அந்த வெற்றிக்குப் பின்னும் பிசியோதெரபிஸ்டின் வேலை குறையவில்லை. பக்கவாதம், முழங்கால் தேய்மானம், இடுப்பு வலி, விபத்தில் முறிந்த எலும்பு என்று வரிசை நீளமாகவே இருக்கிறது.

அந்த வரிசையில் நிற்பவர் யார்? தலையில் சுமை தூக்கிப் பிழைப்பவர், நாள் முழுதும் குந்தியிருந்து தோல் வெட்டுபவர், விடியற்காலையில் இட்லி மாவு அரைத்து அண்டாவைத் தூக்கும் தாய், லோக்கல் ரயிலில் இரண்டு மணி நேரம் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர். ‘ஆறு வாரம் ஓய்வெடு’ என்று சொன்னால் இவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஓய்வெடுக்க முடியாத ஒருவருக்கு என்ன பயிற்சி கொடுப்பது, எத்தனை நாளில் சுமை தூக்க விடுவது, குந்தி வேலை செய்கிறவரின் முழங்காலை எப்படிக் காப்பது? இந்தக் கேள்விகள் யார் மனத்தில் எழும்? தினம் இருபது நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கிற பிசியோதெரபிஸ்டின் மனத்தில்தான் எழும்.

ஆனால் ஆய்வுப் பட்டம் என்பது, வேலையை விட்டுவிட்டு மூன்று நான்கு ஆண்டு படிக்க வசதி உள்ளவருக்கு மட்டுமே என்று ஆகிவிட்டால், கேள்வி கேட்கிறவரும் அவர் மட்டுமே ஆகிவிடுவார். ஆகவேதான் இது நம்முடைய விவகாரம்.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

‘இணையவழி டாக்டர்’ என்ற சரக்கு பிறந்த ஊர் அமெரிக்கா. அங்கே பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கு முன்பு இளநிலைப் பட்டம் போதுமானதாக இருந்தது. பிறகு முதுநிலைப் பட்டம் வந்தது. 1993இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரைட்டன் பல்கலைக்கழகம் டி.பி.டி. எனப்படும் ‘டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி’ பட்டத்தைத் தொழிலின் நுழைவுப் படிப்பாகவே தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிசியோதெரபி சங்கம், 2020க்குள் இத்தொழிலில் இருப்பவர்கள் டாக்டர் பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2015 முடிவுக்குள் அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளும் டி.பி.டி. பட்டமே வழங்க வேண்டும் என்றும் ஆயிற்று.

அப்படியானால், பழைய பட்டத்தோடு ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் கதி? அவர்களுக்காக வந்ததுதான் ‘டிரான்சிஷனல் டி.பி.டி.’ என்ற இடைக்காலப் படிப்பு. பெரும்பாலும் இணையவழி, ஓரிரு ஆண்டில் முடியும். வேலை பார்ப்பவருக்கு வசதிதான். நல்ல பல்கலைக்கழகங்களும் இதை நடத்தியிருக்கின்றன. புதிய பாடங்களைக் கற்று, தம் சிகிச்சையைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் மூன்று உண்மைகளை விளம்பரத் தாள் சொல்வதில்லை. முதலாவது, இது ஆய்வுக்கான பிஎச்.டி. பட்டம் அன்று, தொழிற்பட்டம். இரண்டாவது, ஏற்கெனவே உரிமம் பெற்று வேலை பார்ப்பவருக்காக ஏற்பட்ட படிப்பு இது. இதைப் படித்ததால் மட்டும் அமெரிக்காவில் தொழில் செய்யும் உரிமம் வந்துவிடாது. நம் ஊரில் படித்தவர் அங்கே போக வேண்டுமானால், தம் பழைய படிப்பு அங்குள்ள தரத்துக்கு ஈடானதா என்ற மதிப்பீட்டிலும் தேசிய உரிமத் தேர்விலும் தேறியாக வேண்டும். மூன்றாவது, முதல்முறை தொழிலுக்கு வரும் மாணவரின் டி.பி.டி. படிப்புக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, இந்த இடைக்காலப் படிப்புக்கு அங்கீகாரம் தருவதில்லை.

இதில் தொழிலாளி கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அந்த நாட்டில் பட்டம் படிப்படியாக உயர்ந்தது. உரிமம் பழையவருக்கும் புதியவருக்கும் ஒன்றாகவே இருந்தது. படிப்புச் செலவு தொழிலாளியின் தலையில் விழுந்தது. வேலையில் பத்து ஆண்டு கழித்தவர், தம்மைவிட இளையவரின் பட்டத்துக்கு ஈடு கட்டத் தம் சொந்தப் பணத்தில் மறுபடியும் மாணவரானார். சம்பளத்தை உயர்த்தாமல் பட்டத்தை மட்டும் உயர்த்துகிற வேலை எந்த நாட்டில் நடந்தாலும், அதன் பாரம் உழைப்பவர் மேல்தான் இறங்கும்.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, மருத்துவம், நர்சிங் போன்றவற்றோடு பிசியோதெரபியையும் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது. 2025இல் அதே குழு, நலவாழ்வுத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டத்துக்குள் வரும் படிப்புகள் எவற்றையும் அவ்வாறு நடத்தக் கூடாதென்று மறுபடியும் கண்டிப்பாகச் சொன்னது.

பிஎச்.டி. பட்டத்துக்கும் இதே தடை. 2022 நவம்பரில் வந்த பிஎச்.டி. விதிகள், தொலைநிலையிலோ இணையவழியிலோ அந்தப் பட்டத்தை வழங்கக் கூடாது என்கின்றன. அதற்கு முந்தைய மாதமே, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தனியார் கல்விக் கம்பெனிகள் விற்கும் இணையவழி பிஎச்.டி. இங்கே செல்லாது, விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று மானியக் குழு பொதுமக்களை எச்சரித்தது. ஆகவே, கம்மலை அடகு வைத்து வாங்கும் அத்தகைய காகிதம், இங்கே கல்லூரி ஆசிரியர் வேலைக்கோ பதவி உயர்வுக்கோ உதவாது.

இந்தத் தடையில் பாதி நியாயம். பதினெட்டு வயதுப் பையனுக்கு நோயாளியின் தோள்பட்டையைத் திரையில் காட்டிச் சொல்லிக் கொடுக்க முடியாது. கை பழக வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் நின்று ‘இங்கே அழுத்து, இவ்வளவுதான் அழுத்து’ என்று காட்ட வேண்டும். அந்தப் பையனிடம் நம் தாயையும் தந்தையையும் ஒப்படைக்கப் போகிறவர்கள் நாம். எனவே அங்கே திரை வேண்டாம் என்று நாமும் சொல்கிறோம்.

மீதிப் பாதி நியாயமில்லை. பத்து ஆண்டுகளாகத் தினமும் நோயாளிகளைத் தொட்டுச் சிகிச்சை செய்கிற ஒருவரையும் அந்தப் பதினெட்டு வயதுப் பையனையும் ஒரே தடையில் கட்டிப்போடுவது என்ன நீதி? அவருக்குக் கை பழகிவிட்டது. அவர் கற்க வேண்டியது ஆய்வு முறை, புள்ளியியல், பிறர் செய்த ஆய்வைப் படித்து எடைபோடும் திறன். இவற்றை மாலை நேரத்தில் திரை வழியாகக் கற்றால் எந்த நோயாளிக்கும் கெடுதல் வந்துவிடாது. ஆய்வுக்கான நோயாளிகளோ அவர் வேலை செய்யும் வார்டிலேயே இருக்கிறார்கள்.

சாவி யாரிடம்?

முழுக் கதவும் பூட்டியில்லை என்பதை நம் பிள்ளைகள் பலர் அறியவில்லை. 2022ஆம் ஆண்டின் அதே விதிகள் பகுதிநேர பிஎச்.டி. படிப்பை அனுமதிக்கின்றன. முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் 5 விழுக்காடு சலுகை உண்டு. குறைந்தது மூன்று ஆண்டு. அதிகபட்சம் ஆறு ஆண்டு, அதன்மேல் மறுபதிவு செய்து இரண்டு ஆண்டு. பெண்களுக்கு அதற்கும் மேலே இரண்டு ஆண்டு நீட்டிப்பும், பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக 240 நாள் வரை விடுப்பும் கிடைக்கும். நம் வீட்டுப் பெண்கள் பலர் இத்தொழிலில் இருக்கும்போது இது சின்னச் சலுகை அன்று.

பாடப் பகுதிக்குக் குறைந்தது 12 கிரெடிட் தேவை. மானியக் குழு ஏற்ற இணையவழிப் பாடங்களையும் அதில் சேர்த்துக்கொள்ள, ஆய்வு ஆலோசனைக் குழு பரிந்துரை செய்யலாம். அதாவது திரைக்குச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு சின்ன இடம் இருக்கிறது.

பிறகு ஏன் நம் பிள்ளைகள் இந்த வாசல் பக்கம் போவதில்லை? அதே விதிகளில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பகுதிநேரமாகச் சேருகிறவர் தம் வேலையிடத்திலிருந்து என்.ஓ.சி. கொண்டுவர வேண்டும். அந்தக் காகிதத்தில் மூன்று வாக்கியங்கள் இருக்க வேண்டும். இவர் பகுதிநேரமாகப் படிக்க அனுமதிக்கிறோம். ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இவருடைய அலுவல் இடம் தருகிறது. தேவைப்பட்டால் பாடப் பகுதியை முடிக்க இவரை வேலையிலிருந்து விடுவிப்போம். இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் முதலாளி.

என்.ஓ.சி. என்ற மூன்றெழுத்தின் கனம், குமாஸ்தா வேலையில் ஆண்டுகளைக் கழித்த எங்களுக்குத் தெரியும். ‘தரமாட்டோம்’ என்று எந்த அலுவலகமும் எழுதிக் கொடுப்பதில்லை. மனு ஒரு மேசையில் இருக்கும். பிறகு அடுத்த மேசைக்குப் போகும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி கடந்த பிறகு ‘இன்னும் பரிசீலனையில்’ என்று பதில் வரும். மறுத்ததாகவும் இராது, கொடுத்ததாகவும் இராது. தனியார் மருத்துவமனையிலோ, ‘படிக்கணும்னா வேலையை விட்டுட்டுப் படி’ என்ற வாய்வார்த்தையோடு காரியம் முடிந்துவிடும். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், அதன் பிறகு வருமானத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுத்தல், கல்யாண் வரை ரயில் பயணம் என்று ஓடுகிற பெண்ணுக்கு, ‘போதிய நேரம்’ என்று எழுதிக் கொடுக்கப் போகிறவர் யார்?

அந்த வெற்றிடத்தில்தான் விளம்பரக்காரன் நுழைகிறான். அவன் என்.ஓ.சி. கேட்பதில்லை, விடுப்பும் கேட்பதில்லை. பணம் மட்டுமே கேட்கிறான். நேரம் கிடைக்காத தொழிலாளிக்கு நேரம் தேவைப்படாத பட்டம் என்று சொல்லி விற்கிறான். நம் பிள்ளைகள் அறிவில்லாமல் அவனிடம் போகவில்லை, நேரமில்லாமல் போகிறார்கள்.

‘டாக்டர்’ என்ற முன்னெழுத்து

2025 செப்டம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போடக் கூடாது என்று மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம் 9ஆம் தேதி கடிதம் எழுதியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. அந்த இரண்டு நாளில் நாடு முழுதும் நடந்த வாக்குவாதத்தில் சம்பளம், விடுப்பு, படிப்பு என்ற பேச்சே எழவில்லை. மரியாதை வேண்டும் என்பதில் தவறில்லை. ஆனால் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துக்காகச் சண்டை போட்டு ஓய்ந்தவர்கள், எட்டு மணி நேர டூட்டிக்காகச் சண்டை போடுவதை மறந்துவிடக் கூடாது. நம் மொழி இந்தச் சிக்கலை அழகாகவே தீர்த்து வைத்திருக்கிறது. நோய் தீர்ப்பவர் மருத்துவர். ஆய்ந்து பட்டம் பெற்றவர் முனைவர். ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் இரண்டையும் திணித்துக் குழப்பிக்கொள்கிறது.

பட்டத்துக்கும் சம்பளத்துக்கும் உள்ள தொடர்பையும் பார்ப்போம். 2024இல் வந்த ரயில்வே பணித் தேர்வு விளம்பரத்தில் பிசியோதெரபிஸ்ட் பதவி 6ஆம் ஊதிய நிலையில் இருந்தது. தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ. 35,400. கேட்ட தகுதி இளநிலைப் பட்டமும் அனுபவமும். பிஎச்.டி. பெற்றவர் விண்ணப்பித்தாலும் அதே நிலை, அதே ரூபாய். வார்டில் நின்று வேலை செய்துகொண்டே ஆய்வு செய்கிறவருக்கு ஏற ஒரு படிக்கட்டு வேண்டாமா? அது இல்லாதவரை முனைவர் பட்டம் பெற்றவர் வார்டை விட்டுக் கல்லூரிக்குப் போய்விடுவார், நோயாளிக்கு நட்டம்.

நாம் கேட்பது

ஆகவே நம் சங்கத்தின் சார்பில் கீழ்க்கண்ட கோரிக்கைகளை வைக்கிறோம். பிசியோதெரபிஸ்டுகளின் அமைப்புகளும் மருத்துவமனை ஊழியர் சங்கங்களும் இவற்றைத் தம்முடையதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று: மேற்படிப்புக்கான என்.ஓ.சி. மனுவின் மேல், அரசு, மாநகராட்சி, இ.எஸ்.ஐ., ரயில்வே, தனியார் என்ற வேறுபாடின்றி, 30 நாளுக்குள் எழுத்து மூலம் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுதித் தர வேண்டும்.

இரண்டு: பாடப் பகுதி நடக்கும் காலத்தில் வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு வேண்டும். ‘படித்துவிட்டு ஓடிவிடுவார்கள்’ என்று முதலாளி பயந்தால், நியாயமான கால அளவுக்கு மட்டும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளட்டும். மூலச் சான்றிதழைப் பறித்து வைத்துக்கொள்ளும் வேலை கூடாது.

மூன்று: பாடப் பகுதியில் இணையவழிக்கு உள்ள இடத்தைப் பல்கலைக்கழகங்கள் தாராளமாகத் தர வேண்டும். மும்பையில் வேலை பார்க்கும் ஒருவர் சென்னையில் பதிவு செய்தால், ஒரு மணி நேர ஆலோசனைக்காக ஓர் இரவும் ஒரு பகலும் ரயிலில் போக வேண்டியிருக்கிறது. ரயில்வேக்காரர்களான நாங்களே சொல்கிறோம், அந்தப் பயணம் தேவையில்லாதது.

நான்கு: மானியக் குழுவும் நலவாழ்வுத் தொழில் ஆணையமும் சேர்ந்து, அனுபவம் உள்ள பிசியோதெரபிஸ்டுகளுக்கென்று ஒரு கலப்பு முறையை வகுக்க வேண்டும். பாடம் திரையில், ஆய்வு அவர் வேலை செய்யும் மருத்துவமனையில், மேற்பார்வை நேரில். இப்படி அரசே நேர்மையான கதவைத் திறந்தால் போலிக் கடைகள் தாமே மூடிக்கொள்ளும்.

ஐந்து: பட்டத்துக்கேற்ற ஊதிய உயர்வு வேண்டும். சம்பளம் உயராமல் தகுதி மட்டும் உயர்வதை ஏற்க மாட்டோம்.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பல்கலைக்கழகம் மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா? நேரில் வர வேண்டிய பகுதி எவ்வளவு? முழுதும் இணையவழி என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். ஆய்வுக்கு வழிகாட்டப் போகும் பேராசிரியர் யார், அவர் எந்தக் கல்லூரியில் இருக்கிறார்? இந்தப் பட்டத்தால் கிடைக்கப்போவது ஆசிரியர் வேலையா, பதவி உயர்வா, வெளிநாட்டு உரிமமா? அதை எழுதித் தருவார்களா? நான்குக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

மகள் படிக்க வேண்டும் என்று சொன்னால், ‘கல்யாண வயசில் என்ன படிப்பு’ என்று தடுக்காதீர்கள். ஆறு ஆண்டு, எட்டு ஆண்டு என்று நீளும் படிப்பு இது. வீட்டில் ஒருவர் சமையலைப் பங்கு போட்டுக்கொண்டால்தான் அவள் மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார முடியும். முதலாளியிடம் நேரம் கேட்கும் நாம், வீட்டுக்குள் அதே நேரத்தைத் தர மறுத்தால் நம் கோரிக்கைக்கு வலு இருக்காது.

பகுதிநேர பிஎச்.டி. படிக்க விரும்பி என்.ஓ.சி. கிடைக்காமல் நிற்கும் தோழர்கள் தங்கள் மனுவின் நகலோடு சங்கத்துக்கு வாருங்கள். எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், யார் வாங்கினார்கள், என்ன பதில் வந்தது என்பதை வரிசையாக எழுதிக் கொடுங்கள். தனித்தனியாக மேசையில் தூங்கும் மனுக்களை ஒன்றாகக் கட்டி எடுத்துக்கொண்டு, நிர்வாகங்களின் வாசலுக்கு நாம் சேர்ந்து போவோம்.